தெருவே சேர்ந்து விற்ற வீடு

மேசை மணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, நான் எப்போது நேரத்தைத் தாண்டுவேன் என்று காத்திருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர், மருந்துக்கடை அண்ணன் அவர்களே. ஆண்டு வரவு செலவை வாசித்து முடித்த களைப்பில் கண்ணயர்ந்திருக்கும் பொருளாளர் அவர்களே. மதியமே வந்து கைப்பையை வைத்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே. நழுவுவதற்கு வசதியாகக் கதவோரம் சுவரில் சாய்ந்து நிற்கும் தந்தைமார்களே. சொந்த வீடு படைத்த பெரியோர்களே. என்னைப் போலவே மாதாமாதம் வாடகை கொடுத்து வாழும் என் கூட்டாளிகளே. இந்தத் தெருவுக்குப் புதிதாக வந்து, இன்று முதன்முறையாக நம்மோடு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக் தம்பியே, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணிபுரியும் அவர் துணைவியான என் தங்கையே. உங்கள் அனைவருக்கும், வீடு வீடாகச் சாவிக்கொத்தோடு அலையும் இந்தத் தரகுக்காரியின் தாழ்மையான வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'நம் பகுதியில் வீட்டு விலை: இன்றைய நிலையும் நாளைய நம்பிக்கையும்'. தலைப்பைக் கொடுத்த தலைவர் சொன்னார், "அக்கா, நாலு புள்ளிவிவரம் சொல்லுங்க, கூட்டம் அசந்துடும்." அண்ணே, பொருளாளர் ஏற்கெனவே அசந்துவிட்டார், போதும். புள்ளிவிவரம் செய்தித்தாளில் இருக்கிறது. நான் சொல்லப்போவது நம் தெருவின் கதை. நர்சம்மா வீடு விலைபோன கதை.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். அந்தக் கதையில் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

அன்பார்ந்தவர்களே, ஒரு காலம் இருந்தது. காலையில் சொன்ன விலை மாலையில் செல்லாது. மாலையில் பேசிய வீடு மறுநாள் மற்றவர் கையில். அஸ்திவாரம் தோண்டும் முன்பே அலமாரிக்கு அளவெடுத்தார்கள். முனை வீடு விற்ற விலையைக் கேட்டு இந்தத் தெருவே மூக்கில் விரல் வைத்தது. அன்றே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தீர்களே, நான் பார்க்கவில்லையா? பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு பெருமையாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? வட்டி ஏறியது, வேலை குறைந்தது, வாங்குபவர் வாசலோடு நின்றார். பாதியில் நின்ற கட்டடங்களின் மொட்டை மாடியில் கம்பிகள் துருப்பிடித்தன. டைல்ஸ் கடைக்காரர் இரண்டு ஷட்டரில் ஒன்றை இறக்கிப் பூட்டினார். நம் தெருவில் மட்டும் ஒரு பொருள் குறையவில்லை. எது? 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை. வரிசையாகத் தொங்கின, வெயிலில் வெளுத்தன, மழையில் எழுத்துகள் வழிந்தன. தபால்காரர் கதவு எண்ணைத் தேடிப் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

இப்போது மீண்டு வருகிறோம் என்கிறார்கள். வருகிறோம், நான் மறுக்கவில்லை. டைல்ஸ் கடையின் இரண்டாவது ஷட்டர் திறந்துவிட்டது. தச்சரைக் கூப்பிட்டால் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறார். ஆனால் விலை படியேறுவது எப்படி? முழங்கால் வலிக்காரர் மாடி ஏறுவதைப் போல. ஒரு படி ஏறும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மூச்சு வாங்கும், மேலே பார்க்கும், அடுத்த படிக்கு யோசிக்கும்.

இப்படிப்பட்ட வேளையில்தான் நர்சம்மா தன் வீட்டை விற்றே ஆகவேண்டிய நிலை வந்தது. ஓய்வுபெற்ற தலைமைச் செவிலி. அவர் ஊசி போடாத கை இந்தத் தெருவில் உண்டா? அவருக்கு ஒரே மகள், வெளியூரில், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. போனால் திரும்ப மாதக்கணக்காகும். மகள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. பள்ளி விடுமுறை தொடங்கும் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று அதன் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்தார். இந்த வீடு விற்றால் அந்த வீடு. விற்காவிட்டால் மகள் ஓர் ஊர், தாய் ஓர் ஊர்.

நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "எனக்கு லாபம் வேணாம்மா. அந்த வீட்டை வாங்குற அளவுக்கு வந்தா போதும். பொண்ணு வலியெடுத்துக் கத்துறப்போ நான் பக்கத்துல இருக்கணும்." ஊராருக்கெல்லாம் பிரசவம் பார்த்த கை, பெற்ற மகளுக்கு எட்டாமல் போகலாமா? என் தொழிலில் நான் எத்தனையோ வீடு கைமாற்றியிருக்கிறேன். அன்றுதான் தரகைப் பற்றிப் பேசாமலே சாவியை வாங்கிக்கொண்டேன்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள், பெருமக்களே. சரிவுக்குப் பிறகு நம் தெருவில் விற்கும் முதல் வீடு அது. அது என்ன விலைக்குப் போகிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் விலை பேசுவார்கள். ஆகவே தெருவே தோள் கொடுக்க முன்வந்தது. நர்சம்மா மீது அன்பு பாதி, சொந்த வீட்டின் மீது அக்கறை பாதி. இல்லை என்று யாராவது கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவரும் தூக்கவில்லை. நன்றி.

ஒரே ஒருவரால்தான் நமக்கு ஆபத்து. அதோ, மின்விசிறிக்கு நேர் கீழே தாமே இடம் பிடித்து, காற்று அதிகம் என்று துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறாரே, நம் அன்புக்குரிய 'ஆனா' மாமா. மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்பார். "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா..." என்பார். நர்சம்மா வீட்டுக்கு எதிர்வீடு இவருடையது. தெருவிலேயே பழைய பலகையும் இவருடையதுதான். வீடு பார்க்க வருபவர்களிடம் இவர் வாயைத் திறந்தால் என்ன ஆவது? எனவே நீங்கள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தீர்கள். யாராவது பார்க்க வந்தால், மாமாவை முடிவெட்டும் கடைக்கு அனுப்பிவிடுவது.

அனுப்பினீர்கள். முதலில் ஒரு வங்கி ஊழியரும் மனைவியும் வந்தார்கள். அம்மம்மா, என்ன வரவேற்பு. தையல்கார அக்கா எங்கிருந்தோ வந்து, "இந்த வீட்ல குடியிருந்தா தலைவலியே வராதுங்க" என்றார். தலைவரோ, "தண்ணியா, கல்கண்டு மாதிரி இருக்கும்" என்றார். மாடியிலிருந்து ஒரு குரல், "காத்து அப்படியே சிலுசிலுன்னு வரும்" என்றது. கொசுவே இல்லை என்றார் ஒருவர், கைமுட்டியைச் சொறிந்துகொண்டே. வந்தவர் என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார், "ஏம்மா, உண்மையச் சொல்லுங்க. இந்த வீட்ல ஏதாவது நடந்துச்சா? தெருவே சேந்து எங்க தலையில கட்டப் பாக்குதே?"

போனவர் போனவர்தான். அடுத்து வந்த குடும்பத்துக்கும் அதே பாராட்டு, அதே சந்தேகம், அதே ஓட்டம். அதற்கும் அடுத்தவர்கள் படியேறவே இல்லை. வாசலில் திரண்டு நின்ற உங்களைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். மாமாவின் தலையிலோ வெட்ட முடியே மிச்சமில்லை. விடுமுறையும் நெருங்கியது. நர்சம்மா பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். "விடும்மா, எனக்கு விதிச்சது இவ்வளவுதான் போல" என்றார்.

அந்த நிலையில்தான் லிஃப்ட் மெக்கானிக் தம்பியும் தங்கையும் பார்க்க வந்தார்கள். வழக்கம்போல் மாமாவைக் கடைக்கு அனுப்பினீர்கள். வழக்கம்போல் வாசலில் கூடினீர்கள். ஆனால் ஒன்றை மறந்தீர்கள். அன்று முடிவெட்டும் கடைக்கு வார விடுமுறை.

போன வேகத்தில் திரும்பினார் மாமா. நேரே உள்ளே வந்தார். உங்கள் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் இருமினார், தையல்கார அக்கா கண்ணைக் காட்டினார், ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தே பார்த்தார். மாமாவா நிற்பார்?

"வீடு நல்ல வீடுதான். ஆனா மேற்குச் சுவரு சாயங்காலம் சுடும், கை வைக்க முடியாது. மாடிப்படிக் கைப்பிடி ஆடுது. பலமா மழை பேஞ்சா பின்வாசல்ல தண்ணி ஏறும். பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் சத்தம் மத்தியானம் தூங்க விடாது. கொசு? அதை ஏன் கேக்குறீங்க."

முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். தங்கை நிதானமாகக் கேட்டார், "இவ்வளவு குறை சொல்றீங்களே சார், அப்புறம் ஏன் நீங்க இதே தெருவுல இருக்கீங்க?"

"நானும் போர்டு மாட்டித்தான் வச்சிருக்கேன்மா. ஆனா..." என்று மாமா நின்றுவிட்டார். நம் மாமா 'ஆனா'வோடு நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"என் வீட்டுக்காரி ஒரு நாள் சமையக்கட்டுல மயங்கி விழுந்துட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வாசல்ல வந்து நின்னேன், சத்தமே வரல. இந்த நர்சம்மா ஜன்னல்ல பாத்துட்டு ஈரத் தலையோட, செருப்புகூடப் போடாம ஓடி வந்தாங்க. இன்னைக்கு அவ உசுரோட இருக்கான்னா இவங்களாலதான். போகட்டும், பெத்த பொண்ணு கூப்பிடுது. ஆனா இந்த வீட்டுக்கு இனிமே யாரு வருவாங்களோன்னு நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த நர்சம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தம்பி என்ன செய்தார் தெரியுமா? எழுந்துபோய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பின்வாசலில் குனிந்து தரையின் சரிவைப் பார்த்தார். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்தார். திரும்பி வந்து சொன்னார், "அக்கா, இவ்வளவு நாளா நாங்க பாத்த வீட்ல எல்லாம் குறையே இல்லைன்னாங்க. எதுக்குப் பணம் குடுக்கிறோம்னே புரியல. இந்த வீடுதான் புரியுது." பின்வாசல் வேலைக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். குறைத்த பிறகும், மகள் பக்கத்து வீட்டை வாங்க நர்சம்மாவுக்கு வேண்டிய தொகை கிடைத்தது. விடுமுறை தொடங்குமுன் பத்திரம் முடிந்தது. இன்று நர்சம்மா மடியில் பேத்தி இருக்கிறாள். என் போனில் படம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன், இப்போது எழுந்து வராதீர்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது சொல்லுங்கள். விலையை ஏற்றியது எது? வட்டிக் குறைப்பா? செய்தித்தாளின் வரைபடமா? நம் வாய் வலிக்க நாம் பாடிய புகழா? சரிந்த காலத்தில் சரிந்தது விலை மட்டுமா? விற்பவர் சொல்லை வாங்குபவர் நம்பவில்லை, வாங்குபவர் வாக்கை வங்கி நம்பவில்லை, வங்கியின் வட்டியை யாரும் நம்பவில்லை. செங்கல் நின்றது, சிமெண்ட் நின்றது, சொல்தான் நிற்கவில்லை. சொல் நிமிர்ந்தால் சுவர் நிமிரும். வார்த்தைக்கு விலை வந்தால் வாசலுக்கு விலை வரும். நர்சம்மா வீட்டுக்குப் பிறகு இந்தத் தெருவில் பலகைகள் இறங்கத் தொடங்கின. சிலர் நல்ல விலைக்கு விற்று இறக்கினார்கள். பழைய உச்சம் இல்லை, ஆனால் உறக்கம் கெடாத விலை. சிலர் விற்க மனமில்லாமல் இறக்கினார்கள். எனக்குத் தரகு போயிற்று, போகட்டும்.

ஒரே ஒரு பலகை மட்டும் இறங்காமல் நின்றது. யாருடையது? ஆம், அதேதான்.

சென்ற மாதம் ஒரு காலை. குளியலறைக்குள் போன மாமாவால், தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதால் வெளியே வர முடியவில்லை. கதவைத் தட்டுகிறார், கத்துகிறார். அத்தை பதறிப்போய் வாசலில் வந்து நிற்கிறார். எதிர்வீட்டு ஜன்னலில் யார்? முகத்தில் பாதி நுரை, பாதி மழித்த கன்னம், அந்தக் கோலத்திலேயே, செருப்பில்லாத காலோடு, ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் லிஃப்ட் மெக்கானிக் தம்பி. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதானே அவர் தொழில்? வெளியே வந்த மாமா சொன்ன முதல் வார்த்தையையும் கேளுங்கள்: "திறந்தது சரிதான் தம்பி, ஆனா கதவுல கீறல் விழுந்துடுச்சே."

அன்று மாலை மாமா ஏணி போட்டுத் தம் பலகையைத் தாமே கழற்றினார். விற்கவில்லை, வாடகைக்கு விடவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்தத் தகரப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டின் பின்வாசலுக்குப் போனார். வேலை இன்னும் முடியாமல் மழைத்தண்ணீர் ஏறும் இடத்தில் குறுக்கே நிறுத்திப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

"வச்சுக்கப்பா. நல்ல தகரம்தான். ஆனா ஓரம் கையக் கிழிக்கும், பாத்து எடு."

அண்ணன் மணியடித்துவிட்டார். நின்று கேட்ட கால்களுக்கும், உட்கார்ந்து கேட்ட செவிகளுக்கும், இத்தனை நேரம் கேலியைத் தாங்கிய மாமாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கட்டிய வீட்டில் காற்று வரட்டும், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரட்டும் என்று வாழ்த்தி, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்கி அமர்கிறேன்.