சகாயராஜ் திறந்த ஏழு நிமிடம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வீடியோ கலைஞர் சங்கத் தலைவர் தரணீதரன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, துக்கத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகாயராஜின் துணைவியார் சகோதரி ரோஸ்மேரி அவர்களே, ஷிப்டு முடிந்த கையோடு வந்திருக்கும் பனியன் கம்பெனித் தோழர்களே, சங்கச் செயலாளர் செந்தில்வேலின் வணக்கம்.

இருபத்தாறு வருடமாகக் கேமராவைத் தோளில் சுமக்கிறேன், அந்தப் பாரம் பழகிவிட்டது. சகாயராஜ் மாரடைப்பில் போய் இன்று ஒன்பதாம் நாள். இந்த ஒன்பது நாளாக நெஞ்சில் இருக்கிற பாரம் பழகவில்லை. அதனால்தான் தலைவரிடம் நானே கேட்டு இந்த மைக்கை வாங்கினேன்.

பின்னாலிருக்கும் பேனரில் 'காட்சி மீட்புச் செம்மல்' என்று போட்டிருக்கிறோம். உயிரோடு இருந்தபோது அவருக்கு நாங்கள் கொடுத்த பட்டம் என்ன? 'ஓசி சாப்ட்வேர் சகாயம்'. அதை வைத்தவன் நான். சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்தவர், வேலம்பாளையத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, ஓடாத வீடியோக்களை ஓட வைத்தார். யாரும் இறக்கிக்கொள்ளக் கூடிய, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கக் கூடிய இலவச மென்பொருள்தான் அவர் கையில் இருந்தது. வேறு எதையும் அவர் தொட்டதில்லை.

கிண்டல் செய்த என்னையும் அவர்தான் காப்பாற்றினார். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பேட்டரி மாற்றும் அவசரத்தில், ரெக்கார்டிங்கை நிறுத்தாமலே பேட்டரியைக் கழற்றிவிட்டேன். பைல் திறக்கவில்லை. பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? கார்டை எடுத்துக்கொண்டு சகாயராஜிடம் ஓடினேன்.

"படம் பூரா உள்ளதான் இருக்கு அண்ணாச்சி. எது எங்க இருக்குன்னு கேமரா கடைசியில ஒரு கணக்கு எழுதும்லா, அத எழுத விடாம புடுங்கிட்டீயளே. பண்டல் லாரியில கெடக்கு, பேக்கிங் லிஸ்ட் மட்டும் இல்ல" என்றார்.

அதே கேமராவில் அதே மாதிரி எடுத்த நல்ல பைல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து இதற்கு லிஸ்ட் எழுத மென்பொருளை வைத்தார். சாயங்காலம் தாலி கட்டும் காட்சி வந்துவிட்டது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்கு நான் செய்தது என்ன?

மூன்றாவது வரிசையில் ஒச்சாயி அக்கா உட்கார்ந்திருக்கிறார். போன வருடம் ஒரு கம்பெனியில், துணியை உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தும் மெஷினில், அவருடைய வலது கை விரல்கள் நான்கு போயின. உருளைக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்புத் தகட்டை அவரே கழற்றினார் என்றது கம்பெனி. இல்லை என்றார் அக்கா. மேலே கேமரா இருந்தது. ஆனால் கை சிக்கியதும் யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். உயிர் பிழைத்தது, கூடவே கேமராவும் அணைந்தது. அந்த ஏழு நிமிட பைல் முடிவடையாமலே நின்றுபோனது.

விபத்தை விசாரிக்கும் அதிகாரி, காட்சியை மீட்க முடியுமா என்று கேட்டு மெமரி கார்டை எங்கள் சங்கத்துக்கு அனுப்பினார். 'காட்சியை மீட்க வழியில்லை' என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? நான். வழி உண்டென்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க என்னைச் சொல்லியிருந்தார்கள். அவர் மிரட்டவில்லை. "ஏனுங்க செந்திலு, அது தெறக்காதுங்களே?" என்று மட்டும் கேட்டார். "தெறக்காதுங்க" என்றேன். கார்டைச் செருகிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா விடவில்லை. அதிகாரியிடம் ஒரு நகல் வாங்கி சகாயராஜிடம் போனார். மாதிரிக்கு நல்ல பைல் வேண்டுமே, கம்பெனி கொடுக்குமா? அதே கேமரா வேறு எங்கே இருக்கிறது என்று இந்த மனிதர் பதினெட்டு கம்பெனி வாசல் ஏறினார். வெறும் சுவரை எடுத்ததானாலும் போதும் என்று கெஞ்சினார். கடைசியில் பொங்கலூரில் ஒரு கோழிப்பண்ணையில் கிடைத்தது. கோழிகள் தீவனம் தின்கிற ஒரு நிமிடத்தை வைத்து அந்த ஏழு நிமிடத்தைத் திறந்தார். நான்காவது நிமிடத்தில் சூப்பர்வைசர் ஸ்பேனரோடு வந்து தகட்டைக் கழற்றுகிறார்.

முழுக்கப் பார்க்கிறீர்களா என்று சகாயராஜ் கேட்டிருக்கிறார். "முடிவக் காட்டாதய்யா. அத நான் பாத்தவதானே. தகட்ட மட்டும் காட்டு" என்றாராம் அக்கா.

என் கடிதத்தின் நகலும் சகாயராஜ் கைக்குப் போயிருந்தது. ஒருநாள் டீக்கடையில், "லெட்டரப் பாத்தேன் அண்ணாச்சி" என்றார். எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். சட்டையைப் பிடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வருகிற பதினான்காம் தேதி விசாரணை. பைலைத் திறந்த விதத்தைச் சொல்ல வேண்டியவர் இன்று இல்லை. செத்தவர் ஏதோ ஒட்டிச் சேர்த்த படம் என்கிறது கம்பெனி. சங்கமே முடியாது என்று எழுதியிருக்கிறதே என்கிறது. நேற்று அக்கா என் ஸ்டுடியோவுக்கு வந்து, "அவுக போயிட்டாக. இனி எனக்காக யாருய்யா சொல்லுவா?" என்று கேட்டார். அந்தக் கடிதத்தை எழுதியவனிடமே கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. சகாயராஜ் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன். அக்கா, அது நான்தான்.

மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். நானே எத்தனையோ முறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். இன்று சங்கத்தின் பெயரால் எதுவும் சொல்ல மாட்டேன். ரோஸ்மேரி கொடுத்த அந்தப் பழைய கம்ப்யூட்டரில், அதே இலவச மென்பொருளில், அதே கோழிகளை வைத்து நேற்று மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதே ஏழு நிமிடம்தான் வந்தது. யார் செய்தாலும் அதுதான் வரும். பதினான்காம் தேதி அதிகாரியிடம் இருக்கும் அசல் கார்டிலிருந்தே நகல் எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் செய்து காட்டுவேன். முதலில் என் கடிதத்தை நீட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்பார்கள். ஆமாம், பொய் எழுதினேன் என்பேன். அதன் பிறகு எனக்குச் சங்கத்தில் இடம் இருக்குமா, கல்யாணங்களுக்குக் கூப்பிடுவார்களா, தெரியவில்லை.

ஒச்சாயி அக்கா, அன்று காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் வண்டியோடு நிற்பேன். என்னோடு ஏறி வர மனம் வராவிட்டால் நீங்கள் பஸ்ஸில் வாருங்கள். நான் அங்கே இருப்பேன்.