எலிசாளின் கழுத்து

எனக்குச் சும்மா உட்கார வராது, சார். இந்த நாற்காலியிலும் காலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். சிறு வயதிலிருந்தே விரல்களில் நெட்டி முறித்துக்கொண்டிருப்பேன். "கையை அனக்காம இருடி, அனுஷா" என்று சாலைக் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே அப்பா வைவார்.

இந்தக் கைக்கென்று ஒரு படிப்பு இருப்பது தெரிந்தபோது கொள்ளைச் சந்தோஷம். கைரோபிராக்டிக். மருந்தில்லாமல், முதுகையும் கழுத்தையும் கையாலேயே திருப்பிச் சரிசெய்கிற வைத்தியம். வெளிநாட்டில்தான் படிக்க வேண்டும். அதற்கு அடித்தளமாக இங்கே பிசியோதெரபி சேர்ந்தேன்; கழக்கூட்டம் என்கிற ஊரில் ஹாஸ்டல். கடைசி வருடத்தில் வெளிநாட்டுக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தேன். இருப்பே கொள்ளவில்லை. வகுப்பு எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் பழகுவது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

எலிசாள் அக்காவுக்கு எங்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை. பாறசாலைப் பக்கம் ஊர். சோற்றுப் பானை தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது. "நீ பாரு மக்களே, ஒனக்க படிப்பு எனக்கும் ஒதவட்டு" என்று அவரேதான் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். வலப்பக்கம் திருப்பினேன். அழகாக நெட்டி விழுந்தது. அக்கா சிரித்தார்.

கொஞ்சம் கழித்து, "தலை கறங்குது மக்களே. நீ ரெண்டாத் தெரியுது" என்றார்.

அப்படித் தலை சுற்றினால், பார்வை இரட்டித்தால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இடப்பக்கம் பாக்கி இருந்தது. பாதியில் விட்டால் என் கை ஓயாது. "போதும் மக்களே, போதும்" என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் திருப்பினேன்.

அக்காவின் வாய் கோணியது. பாயில் படுக்கவைத்து, கோணல் தெரியாமல் அவர் முந்தானையால் வாயை மூடினேன். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். கேஸ் ஆனால் விசா கிடைக்காது, சார். பயந்தேன். ஒருவருக்காக, இனி நான் குணப்படுத்தப்போகிற அத்தனை பேரையும் கைவிடுவதா?

வார்டன் ஷைலஜா மேடம் வந்தார். பேச்சு வராத அக்கா தன் கழுத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார். மறுபடி கழுத்தை.

"எந்தா அனுஷா, இவர் எந்தா பறயுன்னே?" அக்கா என்ன சொல்கிறார் என்று மேடம் மலையாளத்தில் கேட்டார்.

"செயினைக் காணோம்னு தேடுறாங்க மேடம். எங்கிட்ட குடுத்ததா நெனைக்கிறாங்க. காலையிலேர்ந்து சாப்பிடல, அதான் மயக்கம்" என்றேன்.

மேடம் குளுக்கோஸ் கலக்கப் போனார். நான் அக்காவின் கையைப் பிடித்துக் கீழே வைத்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

செயினைத் தேடித் தருவதாக மேடம், அக்காவின் கணவர் ராஜையனிடம் ஆறுதல் சொல்லியிருக்கிறார். "எந்தச் செயினு? அவ பெந்தகொஸ்து சபைக்காரி. ஞானஸ்நானம் எடுத்ததுக்குப் பெறவு ஒரு பொட்டுப் பொன்னு போட்டதில்ல" என்று அவர் சொன்ன பிறகுதான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். தினமும் குனிந்து எனக்குச் சோறு போட்டவர். வெறும் கழுத்து என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, சார். அந்தக் கழுத்தை என் அளவுக்கு யாரும் கவனித்துப் பார்த்ததில்லை.