அறுபடாத பாவும் அம்மையாரின் சினிமாச் சொற்களும்

பட்டினும் மெல்லிய பண்பினரே! பணியில் பழுதறியாப் பாங்கினரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆரணி நெசவாளர் சங்கத்தின் எழுத்தராக இருந்து, இன்று ஓய்வின் வாயிலில் நிற்கும் திருமதி குணசுந்தரி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் மடல்.

அவைப் பெருமக்களே, அம்மையாரின் நேர்மையையும் நேரந்தவறாமையையும் நீங்கள் அறிவீர்கள். அவற்றை வரிசையிட்டு உங்கள் காபியை ஆறவிட மாட்டோம். 1978 தை மாதத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

அம்மையாருக்குச் சினிமா பார்ப்பதைவிடச் சினிமாவைப் பற்றிப் படிப்பதில் ஆசை அதிகம். மதியவேளையில் ஒரு கையில் தயிர்சோறு, மறுகையில் சினிமாப் பத்திரிகை. புதுச் சொல் கண்ணில் பட்டால் நோட்டில் குறித்து, பக்கத்தில் தம் தமிழில் பொருள் எழுதுவார். ‘குளோசப்: கிட்டப் போய் எடுப்பது. டப்பிங்: வாயசைவு முன்னே, குரல் பின்னே. இன்செர்ட்: நடுவில் செருகும் துண்டுப் படம், ஆள் முகம் தேவையில்லை.’ நாங்கள் அவரைச் ‘சினிமா அகராதி’ என்று அழைத்துச் சிரித்தோம். சிரித்தவர்களின் கையொப்பங்களைக் கீழே காணலாம்.

அந்தத் தை மாதம் சென்னையிலிருந்து ஒரு படக்கம்பெனி நெசவாளர் கதையோடு நம் ஊருக்கு வந்தது. சங்க உறுப்பினர் அபிதகுசாம்பாளின் வீட்டுத் தறியில் படம் எடுக்க ஏற்பாடாயிற்று. வந்தவாசிக் கல்யாணம் ஒன்றுக்கான முகூர்த்தப் பட்டு, நீளவாக்கில் இழுத்துப் பூட்டிய நூலான பாவோடு, அந்தத் தறியில் பாதி நெய்தபடி நின்றது. பெரணமல்லூரிலிருந்தெல்லாம் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. அன்று சங்கத்தில் ஒருவரும் பேனா மூடியைத் திறக்கவில்லை.

கூட்டத்தில் நெருங்கி நின்ற அம்மையாரின் காதில், உதவி இயக்குநர் ஜெயவேல் ஒளிப்பதிவாளரிடம் சொன்னது விழுந்தது: “அடுத்து வில்லன் கத்தியோட வர்றாரு. பாவு கட்டாகுற இன்செர்ட் ஒண்ணு. ஒரே டேக், ரீடேக் கிடையாது.”

அபிதகுசாம்பாளும் அதைக் கேட்டார். ஆனால் காலையிலிருந்து இயக்குநர் ‘கட்’ என்ற போதெல்லாம் எல்லோரும் நிறுத்திவிட்டு மோர் குடித்ததைத்தான் அவர் பார்த்திருந்தார். அதனால் சும்மா நின்றார். அம்மையாருக்கோ ‘கத்தி’ என்ற சொல் உறுத்தியது. சங்கத் தலைவரே மாலையோடு நிற்கும் இடத்தில் ஓர் எழுத்தர் வாய் திறக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தார்.

“தம்பி, பாவு கட்டாகுதுன்னியே, அது கேமரா கட்டா, கத்தி கட்டா?”

“கத்திதாங்க மேடம். வீட்டம்மாகிட்ட சொல்லியாச்சே.”

அபிதகுசாம்பாள் ஓடிவந்து தறியைப் பிடித்துக்கொண்டார். “கட்டுன்னா நிறுத்தறதுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன். கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாளுதான்க்கா கீது.”

“இன்னாம்மா, வந்தவங்ககிட்ட பேஜார் பண்ணிகினு?” என்று தலைவர் முணுமுணுத்தார்.

அம்மையார் நேரே இயக்குநரைப் பார்த்தார். “ஐயா, இன்செர்ட்ல தறி முழுசும் தெரியாதுங்க, யார் மூஞ்சியும் தெரியாது. அதுக்கு இந்தப் பாவு எதுக்குங்க? சாயம் திட்டுத்திட்டாப் புடிச்ச பாவு ஒண்ணு சங்கத்துல ஒதுக்கி வச்சிகிறோம். அதக் குளோசப்புல அறுங்க. ரீடேக்கு கூட எடுக்கலாம்.”

இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அம்மா எந்த ஸ்டூடியோல இருந்தீங்க?”

“ஆரணி நெசவாளர் சங்கத்துலங்க.”

அரைமணியில் ஒதுக்கின பாவு வந்தது. கத்தி அதில் இறங்கியது. முகூர்த்தப் பாவில் ஓர் இழையும் அறவில்லை.

அதோடு முடியவில்லை. கதாநாயகிக்கு நெய்ய வரவில்லை. குறுக்கிழையை ஓட்டும் நாடா மூன்று முறை கையை விட்டுத் துள்ளித் தரையில் விழுந்தது. “வீட்டம்மா கையையே டூப் போட்டுடலாம்” என்றார் இயக்குநர். அபிதகுசாம்பாளின் முகம் சுருங்கியது.

“டூப்புன்னா பொய்யிதானே? இருவது வருசமா நெய்யிறேன். எங் கையி பொய்க் கையாக்கா?”

அம்மையார் குனிந்து அவர் காதருகே சொன்னார். “அந்தம்மா நெய்யிற மாதிரி மூஞ்ச வச்சிகினு இருக்காங்களே, அதான் பொய்யி. நெசவு உன்னுது.”

அபிதகுசாம்பாள் தறிக்குழியில் இறங்கினார். நாயகியின் வளையல்கள் அவர் விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்பு நுரை போட்டு ஏற்றினார்கள்.

பட்டு உரிய நாளில் வந்தவாசிக்குப் போய்ச் சேர்ந்தது. படம் ஆவணியில் நம் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. மதியக் காட்சிக்குத் தெருவே தறியை நிறுத்திவிட்டுப் போனது. தொடக்கத்தில் ஓடிய பெயர்களில் அபிதகுசாம்பாள் பெயர் இல்லை. நன்றி சொன்ன இடத்திலும் இல்லை. அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஏழாவது ரீலில் திரை முழுதும் அந்தக் கைகள் விரிந்தன, நாடா பறந்தது.

“க்கா, நா இத்தினி வேகமாவா நெய்யிறேன்?” என்றார் அபிதகுசாம்பாள்.

அலுவலகத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தாத அம்மையார், பெண்கள் பகுதியில் எழுந்து நின்று, கொட்டகை முழுதும் கேட்கச் சொன்னார்: “கைகள், அபிதகுசாம்பாள், ஆரணி.”

கைதட்டல் அடங்கு முன் அந்தக் காட்சியே முடிந்துவிட்டது. ஆபரேட்டரிடம் போய் ரீலைத் திருப்பிப் போடச் சொல்லிச் சண்டை பிடித்தவர்கள் நாங்கள்.

அம்மையீர்! நோயணுகா உடலும் நூலறா நினைவும் நும்மோடு நெடிது நிலைக்க! இனி மதியக் காட்சிக்குத் தலைவலி என்று விடுப்பு எழுத வேண்டாம். அந்தத் தலைவலிகளை நாங்கள் என்றுமே நம்பியதில்லை. போகும்போது எங்களுக்கும் ஆளனுப்புங்கள்.

தங்கள் அன்பில் திளைக்கும்,
சங்கப் பணியாளர்கள்
ஆரணி, 31.5.1988