தூணைச் சுற்றிய வளைவு

பெயிண்ட் காயும்வரை மிதிக்காதீர்கள் என்பதைத் தவிர அந்தத் தொழிற்சாலையில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

தரையில் மஞ்சள் கோடு போடுவது என் வேலை. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆட்கள் நடக்க வேண்டும், வெளியே வண்டிகள் ஓட வேண்டும். கோட்டுக்குள் நடப்பவர் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. வண்டிக்காரரும் ஹாரன் அடிக்கத் தேவையில்லை. எங்கள் இடத்தில் அதுதான் நடைமுறை. அத்தனை பேரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தது என் கோட்டை நம்பித்தான். இதைப் பெருமை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கிடங்கில் ஓர் இடத்தில் மட்டும் பாதை நேராகப் போகாது. கடைசி ரேக் முடியும் இடத்தில் ஒரு தூண் இருக்கிறது. பாதை வளைந்து அதன் பின்புறமாகப் போகும். காரணம் உண்டு. பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குத் திரும்பும் சக்கரம் பின்னால் இருக்கிறது. முன்பக்கம் ஒரு பக்கம் திரும்பினால் பின்பக்கம் மறுபக்கம் வீசும். பின்னால் பாரத்துக்கு ஈடாக ஒரு பெரிய இரும்புக் கட்டி வேறு. அது வீசும் இடத்தில் ஆள் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த வளைவு.

அதை மதிக்காமல் தூணுக்கு முன்னால் குறுக்கே நடந்தவர் ஒருவர்தான். கேன்டீனிலிருந்து டீ கொண்டுவரும் அக்கா.

அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவருடைய கெட்டிலின் மூக்கு ஒழுகும். மஞ்சளின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து பழுப்பு வட்டங்களாகக் காயும். அதில் எறும்பு மொய்க்கும். எறும்பின் மேல் ஈரச் செருப்பின் அச்சு. தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைப்பார், அதே துண்டால் கப்பின் விளிம்பையும் துடைப்பார். கெட்டிலுக்குள் பால் ஏடு உரிந்த தோல் மாதிரித் தொங்கும். எனக்கு முதுகெல்லாம் கூசும். மற்றவர்கள் அதை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள்.

எனக்கென்று ஒரு கப்பில் ஊற்றி, தூசி விழாமல் தட்டால் மூடி, பெயிண்ட் டப்பாக்களின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். விசாரிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தட்டின் அடியில் நீர் வியர்த்திருக்கும். அவர் கட்டைவிரல் எங்கெங்கே பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தொட்டியில் கொட்டிவிடுவேன். காலிக் கப்பைப் பார்த்து அவர் முகம் மலரும். அதைப் பார்க்க எனக்குச் சகித்ததில்லை.

ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "கோடு எதுக்குப் போட்டிருக்கு? தூணைச் சுத்திப் போங்கக்கா."

"கெட்டில் கை கழண்டு போற கனம் தம்பி. அந்தச் சுத்து எனக்கு ஊரைச் சுத்தற மாதிரி. நம்ம ஒட்டகம் பாத்துக்குவான் விடு."

ஒட்டகம் என்பது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவனின் பட்டப்பெயர். பாரத்துக்கு மேலே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து ஓட்டுவான். அக்கா தூண் பக்கம் வந்ததும் குரல் கொடுப்பார். "ஒட்டகம், நான் வர்றேன்பா."

அவன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பான். "வாங்க மகாராணி. கம்பளம் துவைக்கப் போயிருக்கு. இன்னிக்கு வெறுந்தரையிலயே வாங்க."

"கழுத்தை உள்ள இழுடா. ஃபேன்ல மாட்டிக்கப் போவுது."

அவர் கடந்துபோய் முதல் கப்பை அவனுக்குத்தான் கொடுப்பார். தினமும் இதே கூத்து. ஒரு கீறல்கூட யாருக்கும் விழுந்ததில்லை. யோசித்துப் பாருங்கள். என் கோட்டுக்கு வெளியே, ஒருவர் கூப்பிடுவதிலும் ஒருவன் எட்டிப் பார்ப்பதிலும் காரியம் பத்திரமாக நடந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் நான் எதற்கு?

ஃபோர்மேனிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். "அந்தம்மா மாற மாட்டாங்க. நீங்க வேணும்னா கோட்டை மாத்துங்க." அவர் விளையாட்டாகச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அன்று மாலையே ஒட்டகத்தைக் கூப்பிட்டு, ரேக் முனையில் வண்டியை மறுபடி மறுபடி திருப்பச் சொன்னேன். இரும்புக் கட்டி எதுவரை வீசுகிறது என்று சாக்பீஸால் குறித்தேன். தூணுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் மிச்சம். நன்றாக அளந்துகொண்டு சாக்பீஸ் குறியை அழித்தேன். விடுமுறையன்று தனியாக வந்து, வளைவைக் கிரைண்டரால் சுரண்டி எடுத்துவிட்டு, தூணுக்கு முன்னால் நேராகக் கோடு போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான விளிம்பு வந்ததில்லை.

ஒட்டகம் கேட்டான். "என்னண்ணே, வளைவைக் காணோம்? பின்னாடி இடிக்காதா?"

"உன்னை வெச்சுத்தானே அளந்தேன். அக்கா இனிமே கோட்டுக்குள்ளதான் வருவாங்க. நீ நின்னு பாக்க வேண்டாம்."

"நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்."

அக்கா புதுக் கோட்டைப் பார்த்ததும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். "எனக்காகவா தம்பி?"

"ஆமாக்கா. கோட்டுக்குள்ள நடந்தாப் போதும். குரல் குடுக்கத் தேவையில்ல."

அவர் கண் கலங்கியது. "உனக்கு எவ்வளவு வேலை வெச்சிட்டேன்." தோள் துண்டைக் கிழித்துக் கெட்டிலின் மூக்கில் சுற்றிக் கட்டினார், கோட்டில் சொட்டக் கூடாதென்று. அந்தத் துணி பழுப்பேறி ஊறித் தொங்கியது; நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அன்று முதல் அவர் சொன்னபடி நடந்தார். குனிந்து பாதத்தைப் பார்த்து, விளிம்பை மிதிக்காமல், வாய் திறக்காமல். ஒட்டகமும் கழுத்தை நீட்டவில்லை.

உடனே நடந்துவிடவில்லை. சில நாள் பொறுத்திருந்தேன்.

நடந்தபோது கெட்டில் உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. வண்டியின் பின்பக்கம் அவரைத் தூணோடு சேர்த்து வைத்து அழுத்திவிட்டு விலகியிருந்தது. பக்கத்தில் இருந்தவன் நான்தான். டீயும் மற்றதும் கலந்து மஞ்சளின் மேல் பரவிக்கொண்டிருந்தது. போய்த் துடைக்கிற துணியை எடுத்து வந்தேன்.

அவருக்கு நினைவு இருந்தது. என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். "கோட்டுல கொட்டிட்டேன் தம்பி. எந்திரிச்சதும் நானே துடைச்சிடறேன்."

"பரவால்லக்கா" என்றேன். துடைத்தேன். மற்றவர்கள் ஓடி வருவதற்குள் கோடு சுத்தமாகிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலை எனக்கு ஊற்றி வைத்த கப் டப்பாக்களின் பக்கத்தில் மூடியபடியே இருந்தது. அதை ஏனோ நான் கொட்டவில்லை.

இங்கே எனக்காக நீங்கள் தருவித்த டீயில் ஈ விழுந்துவிட்டது, பாருங்கள். ஒரு தட்டால் மூடியிருக்கலாம்.

ஒட்டகம் உங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். "நான் எட்டிப் பாத்திருக்கணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்காகத்தான் நானாக வந்தேன். எனக்கும் இரக்கம் உண்டு. அந்த அம்மாவைக் கொன்றது நான். அளந்து பார்த்து, தெரிந்தே கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் அறிக்கையில் கோடு கவனக்குறைவாகப் போடப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.