போட்டாச்சா?

மத்தியானம் ரெண்டு மணி. ராத்திரி இல்லை, நல்லா கேட்டுக்கோ. பேய்னா ராத்திரி ஷிஃப்டுக்கு மட்டும்தான் வரும்னு உனக்கு யார் சொன்னது? சுள்ளுனு வெயில்... ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. ரெண்டு பக்கமும் வெறும் காஞ்ச வெளி. நடுவுல ஒரே ஒரு ஆம்புலன்ஸ் போய்க்கிட்டு இருக்கு.

சிரிக்காதே. அப்புறம் விடிய விடிய நீதான் புரண்டு படுக்கணும்.

இது என் தோழியோட நாத்தனாருக்கு நடந்தது. ஆம்புலன்ஸ்ல நர்ஸ் அவ. கெட்டிக்காரி, ஊசி போட்டாளா இல்லையான்னே தெரியாது, அப்படி ஒரு கை. எப்பவும் வண்டியில பின்னாடி ரெண்டு நர்ஸ் இருப்பாங்க. ஒருத்தி மருந்தை சிரிஞ்சுல ஏத்தி வைப்பா. இன்னொருத்தி அதைச் சரிபார்த்துப் போடுவா. அன்னைக்கு ஜோடிக்காரிக்குக் காய்ச்சல், வரலை. மாத்து ஆளும் கிடைக்கலை. பின்னாடி இவ மட்டும்தான். முன்னாடி டிரைவர் அண்ணன்.

ஸ்ட்ரெச்சர்ல ஒரு வாலிபப் பையன். வலிப்பு. சாதாரண வலிப்பு இல்லை... நிக்கவே இல்லை. பல்லு நறநறன்னு கடிக்குது, குதிகால் ரெண்டும் தகரத்துல தடதடன்னு அடிக்குது. கால்மாட்டுல அவன் அம்மா. குருவி மாதிரி ஒரு பொம்பளை, அவ்வளவுதான் உடம்பு. மகன் காலைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு வந்திருக்கக் கூடாதா சாமி, எனக்கு வந்திருக்கக் கூடாதா"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கு.

முதல் ஊசி போட்டாச்சு. நிக்கலை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு ரெண்டாவது போடலாம். ஆனா அது பொல்லாத மருந்து. வலிப்பை அமுக்கும், கூடவே மூச்சையும் அமுக்கும். சட்டுனு தள்ளினாலும் ஆபத்து, கூடப் போனாலும் ஆபத்து. ரெண்டுக்கு மேல கையே வைக்கக் கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு.

இவ ரெண்டாவதை சிரிஞ்சுல ஏத்தி டிரேல வச்சா. அப்பப் பார்த்து பையனுக்கு மூச்சு இழுக்குது. உதடு நீலம் பாரிக்குது. பாய்ஞ்சு போய் மாஸ்க்கை மூஞ்சில அழுத்தி, அதுல மாட்டின காத்துப் பையைப் பிசைய ஆரம்பிச்சுட்டா. ரெண்டு கையும் அங்க. கண்ணு அவன் நெஞ்சு மேல. ஏறுதா... இறங்குதா...

அப்பத்தான் முதுகுக்குப் பின்னாடி ஒரு குரல்.

"போட்டாச்சா?"

தினமும் ஜோடிக்காரி கேக்கற கேள்விதான். தினமும் அவ உக்கார்ற சீட்டுதான். இவ திரும்பவே இல்லை.

"இல்லடி. ஏத்தி வச்சிருக்கேன் பாரு, டிரேல. போட்டுடு. மெதுவா தள்ளு."

ஸ்பிரிட் வாசனை குப்புனு வந்துச்சாம். அப்புறம் வாய்க்குள்ளயே எண்ணுற சத்தம். ஒண்ணு... ரெண்டு... மூணு... அவசரமே இல்லாம. மெதுவா தள்ளுறவங்க அப்படித்தான் எண்ணுவாங்க. கேட்டதும் இவளுக்கு அப்பாடான்னு இருந்துச்சாம், பாவி மகளுக்கு.

எண்ணி முடிஞ்சது. அந்த அம்மாவோட புலம்பலும் நின்னுடுச்சு.

அப்பத்தான் உறைச்சது... இன்னைக்கு அவ வரலையே.

திரும்பினா, சீட்டு காலி. டிரேல சிரிஞ்ச்... அதுவும் காலி. கடைசி சொட்டு வரைக்கும் தள்ளியிருக்கு. அந்த அம்மா தலையை ஓரத்துல சாய்ச்சு, கண்ணை மூடி, மகன் காலைப் பிடிச்சபடியே இருக்கு. வேண்டிக்குது போலன்னு விட்டுட்டா.

இப்போ அவ நிலைமையை யோசிச்சுப் பாரு. வலிப்பு இன்னும் நிக்கலை. பெட்டியில அதே மருந்து இன்னும் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது இவனுக்குள்ள போயிருந்தா, இது மூணாவது... ஆள் காலி. போகலைன்னா, போடாம விட்டா வலிப்பே ஆளைத் தின்னுடும். பெட்டியைத் தொட்டா, எடுத்தா, திரும்ப வச்சுட்டா. "எது வந்தாலும் மூச்சை மட்டும் விடமாட்டேன்டா"ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே பையைப் பிசைஞ்சா. வழி பூரா அவன் நெஞ்சைத் தவிர வேற எதையும் பார்க்கலை.

ஆஸ்பத்திரி கேட் தாண்டும்போது வலிப்பு நின்னுச்சு. தானா. மூச்சு சீரா வருது. பொழைச்சுட்டான். இவளுக்கு அழுகையே வந்துடுச்சு.

டிரைவர் அண்ணன் கதவைத் திறந்தார். பையனை இறக்கியாச்சு. "அம்மா, இறங்குங்கம்மா"ன்னார்.

இறங்கலை.

தோளைத் தொட்டார். அப்படியே சரிஞ்சுது.

இவ ஓடி வந்து மாஸ்க் வச்சா, நெஞ்சை அழுத்தினா, டாக்டர் வந்தார்... ஒண்ணும் நடக்கலை. மூச்சு எப்பவோ நின்னுபோச்சு. அந்த அம்மாவோட முழங்கை மடிப்புல பஞ்சு வச்சு, பிளாஸ்திரி ஒட்டி... அழகா, பழகின கை ஒட்டின மாதிரி. பஞ்சு இன்னும் ஈரம் காயலை.

வேலையை விட்டுட்டா. இப்போ யார்கிட்டயும் அதிகம் பேசறதில்லை. தோழி ஒரு தடவை, "நீ என்ன தப்பு பண்ணே, ஏன் உன்னையே கொன்னுக்கறே?"ன்னு கேட்டாளாம். அதுக்கு அவ சொன்னது இவ்வளவுதான்...

"போட்டுடுன்னு சொன்னேன். யாருக்குன்னு சொல்லலையே."