மச்சான் இளைத்ததால் வாங்கிய ரெஞ்சு

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பஸ்சில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. காலடியில் புது டிராலி ஜாக்கி, மடியில் நீளமாக ஒரு பெட்டி.

"ஜாக்கி எத்தனை டன்னு மாப்ளே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மூணு. டன்னு கெடக்கு, ஜீப்பு உசரத்துக்குத் தூக்கணும்ல, அதைப் பாத்துத்தான் எடுத்தேன்."

"மடியில என்னது?"

"டார்க் ரெஞ்சு. எங்க மச்சான் இளைச்சுட்டாருல்ல, அதான் வாங்குனேன்."

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தேன்.

"அவரு இளைச்சதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வீல் நட்டை நான் மாட்டுவேன். கடைசியா மச்சான் ஸ்பேனர் மேல ஏறி நின்னு ஒரு மிதி மிதிப்பாரு. இத்தனை வருசமும் ஒரு நட்டு அசையல. சுகர் வந்து ஆளு பாதியாயிட்டாரு. போன வாரம் ஆளுகளோட மலை இறங்கும்போது வீலு ஆடுது. பாத்தா நட்டெல்லாம் லூசு."

"அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்ல? இப்பவும் ஏறி மிதிச்சுட்டு 'போதும், போ'ங்கறாரு. இந்த ரெஞ்சு, நட்டு இறுக வேண்டிய அளவு வந்ததும் டிக்குன்னு சத்தம் குடுக்கும். அவரு வீட்டுக்குள்ள போனதும் இதை வச்சு இறுக்கிருவேன்."

பஸ்சு ஒரு கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து திரும்பியது. கம்பியைப் பிடித்து நின்ற ஒரு அம்மா ஜீப்புக்காரர் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, இந்த பஸ்சுக்கு மிதிச்சவரு நல்லாச் சாப்புடுறவருதானே?"