ஒட்டகத்தின் பின்னங்கால்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே! ஓடாத படங்களையும் ஓடோடி வந்து பார்க்கும் திரைக்கழகப் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாகப் படிக்கட்டில் இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே! ஓசியில் ஏசி கிடைக்கிறதே என்று ஒதுங்கியிருக்கும் உத்தமர்களே! அனைவருக்கும் மேலாக, மூன்றாம் வரிசையில் பேருந்து ஓட்டுநர் சீருடையோடு வீற்றிருக்கும் என் அன்புச் சகோதரியே! இந்த 'அரை நட்சத்திரத்தின்' பணிவான வணக்கம்.

கைதட்டாதீர்கள் ஐயா, அது பட்டம் அல்ல, பழி! முப்பத்தாறு ஆண்டுகளாக வாரப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறேன். நல்ல படங்களெல்லாம் அநேகமாக மற்றவர்களுக்குப் போய்விடும். நாய் தலைமை ஆசிரியராகும் படம், மாமா பொம்மையாகிவிடும் படம், இரட்டையர்கள் பல் டாக்டரைக் கடத்தும் படம், இவையெல்லாம் என் தலையில் விழும். ஆசிரியர் சொல்வார்: "யாரும் பார்க்காத படத்தை நீங்க பாருங்க சார், உங்களுக்குத்தான் பொறுமை இருக்கு." பொறுமையா? பொல்லாத வாய் இருந்தது! அரை நட்சத்திரம் கொடுப்பேன், அதற்குப் பத்து வரி கிண்டலை இனாமாகத் தருவேன்.

அப்படி நான் கிழித்துத் தொங்கவிட்ட படம்தான் 'மூன்றாம் மாடி ஒட்டகம்'. என்ன அம்மா? ஆமாம், கொஞ்ச நேரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் அதே படம்தான். எழுந்து போய்விடாதீர்கள்! ஒரு குடும்பம் போட்டியில் ஒட்டகத்தைப் பரிசாக வென்று, அதை அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டி வருகிறது. நிஜ ஒட்டகம் கிடைக்கவில்லை போலும். துணியில் ஒட்டகம் தைத்து, உள்ளே இரண்டு பேரை விட்டார்கள். முன்னங்கால் ஒருவர், பின்னங்கால் ஒருவர். நான்கே நாள் ஓடியது.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? மனப்பாடமாகச் சொல்கிறேன், இந்த மூன்று மாதமாக வேறெதுவும் என் மனதில் இல்லை. 'லிஃப்ட் காட்சியில் எங்கிருந்தோ ஒரு குழந்தை அழுகிறது. ஒலிப்பதிவாளர் தூங்கிவிட்டார் போலும். ஒட்டகத்தின் பின்னங்காலோ காரணமே இல்லாமல் தரையைத் தட்டுகிறது. பின்னால் இருந்தவருக்குக் கதையே சொல்லவில்லை போலும்.' சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு இந்த நூலகத்தின் படப் பிரிவைச் சின்ன அறைக்கு மாற்றினார்கள். குறுந்தகடுகள் அத்தனைக்கும் இடமில்லை. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று குறித்துத் தரச் சொல்லி என்னிடம் பட்டியலை நீட்டினார்கள். ஒரே மத்தியானம், இரண்டு தேநீர்! இருநூறு படங்களுக்குப் பெருக்கல் குறி போட்டுவிட்டு எழுந்தேன். ஒன்றையாவது திரும்பப் பார்த்தேனா? இல்லை!

அடுத்த வாரம் இந்தச் சகோதரி வந்தார். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, கிடைத்த பத்து நிமிட இடைவேளையில் வந்தார். பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் கேட்டார்.

"சார், இந்தக் குறி போட்டது நீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"இதுல எங்கப்பா நடிச்சிருக்காரு."

"அப்படியா! என்ன வேஷம்?"

"ஒட்டகத்துல பின்பாதி சார்."

சிரித்துவிட்டேன். பாவி, அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டேன்! அவர் கோபிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார்:

"அப்பா அந்த ஸ்டூடியோவுல மூட்டை தூக்குறவரு. முதுகு வலுவா இருக்குன்னு கூப்பிட்டாங்க. எனக்கு அப்ப அஞ்சு வயசு. ஷூட்டிங் பார்க்கக் கூட்டிட்டுப் போனாரு. ஒட்டகம் அப்பாவை முழுங்கிடுச்சுன்னு நெனச்சு நான் ஓன்னு அழுதுட்டேன். அப்பா வேலை முடிஞ்சு ரெண்டு கையிலயும் சாமானோட வருவாரு சார், கதவைக் காலால மூணு தட்டு தட்டுவாரு. நான் உள்ள இருந்து ரெண்டு தட்டு தட்டுவேன். அப்புறம்தான் கதவு திறக்கும். அன்னைக்கு ஒட்டகத்துக்குள்ள இருந்தும் அதே மாதிரி தட்டினாரு. நான் அழுகையை நிறுத்திட்டேன். பதிலுக்குத் தட்டப் போனேன். அதுக்குள்ள யாரோ என்னைத் தூக்கிட்டாங்க, சத்தம் வரக் கூடாதுன்னுட்டு."

பிலிம் தீர்ந்துபோய்விட்டதால் இயக்குநர் அதையே வைத்துக்கொண்டாராம். சபையோரே, கேட்டீர்களா? அந்த அழுகை இவருடையது! அந்தத் தட்டல் இவருக்கானது! நான் எதைப் பிழை என்று எழுதினேனோ, அது ஒரு தகப்பன் தன் மகளைத் தேற்றிய நேரம்!

"அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு. அசைஞ்சு நடமாடுற மாதிரி அவரு வேற எதுலயும் இல்ல சார். இந்தப் படத்தை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

"முகம்கூடத் தெரியாதேம்மா" என்றேன்.

"தெரியாட்டி என்ன சார்? காலு அப்பா காலுதானே!"

நூலகர் அம்மையாரிடம் ஓடினேன். "பெருக்கல் குறி போட்டதெல்லாம் காலையிலயே லாரியில போயிடுச்சே சார்" என்றார். பழைய தகடுகளை அரைத்துத் தூளாக்கும் ஆலைக்குப் போன லாரி அது. சகோதரி திட்டவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "பரவால்ல சார். பஸ்ஸை எடுக்கணும், ஆளுங்க காத்திருப்பாங்க" என்று போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இனிமேல்தான் அதிசயம்! கேளுங்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். படம் பார்த்து முடித்ததும், தகட்டைக் கைக்கு அகப்பட்ட பெட்டியில் செருகித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நூலகர் அம்மையார் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறார், கேட்டுப் பாருங்கள். பார்த்தீர்களா, தலையாட்டுகிறார்! பத்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்க அஞ்சு நட்சத்திரம் கொடுத்தீங்களே ஒரு படம், அதை எடுத்துட்டுப் போனவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. பெட்டியைத் திறந்தா உள்ள ஒட்டகம் இருக்காம்!"

எப்போதோ ஒரு கட்டுரைக்காக இரண்டையும் ஒன்றாக இரவல் வாங்கி, பெட்டி மாற்றிச் செருகியிருக்கிறேன்! உலகமே மெச்சிய படம் ஒட்டகத்தின் பெட்டியில் ஏறி ஆலைக்குப் போய்விட்டது. ஒட்டகமோ ஐந்து நட்சத்திரப் பெட்டியில் அமர்ந்து அலமாரியிலேயே இருந்துவிட்டது! என் அறிவு அழிக்கப் பார்த்ததை என் அலட்சியம் காப்பாற்றியது. எழுத வந்த நாள்முதல் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான்.

அன்றே இங்கேயே அமர்ந்து அந்த லிஃப்ட் காட்சியைப் பார்த்தேன். பதினோரு விநாடி. என்னவென்று சொல்வேன்! ஒட்டகத்துக்குள்ளே இருப்பவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருட்டு. குனிந்த முதுகு. முன்னால் நிற்பவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்த கை. கேமரா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தன் பெயர் திரையில் வராது என்பது தெரியும். அந்த இருட்டிலும் எது கேட்டது அவருக்கு? இயக்குநர் குரலா? இல்லை! மகளின் அழுகை கேட்டது! யாருக்காக நடித்தார்? எனக்காகவா, உங்களுக்காகவா? ஒரே ஒரு ரசிகைக்காகத் தட்டினார் ஐயா! இருநூறு படங்களைக் கழித்தேனே, அவற்றில் இப்படி எத்தனை பேர் இருந்தார்களோ! நட்சத்திரம் கொடுக்க நான் யார்? கொடுத்த அரையையும் இந்த மேடையில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இனி என் விமர்சனத்தில் நட்சத்திரமே கிடையாது.

அப்போதே சகோதரிக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார், ஆனால் சின்னத் திரையில் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். "பெருசாப் போடுங்க சார். அப்பா காலு பெருசாத் தெரியணும்." அதற்குத்தான் இன்று இந்த அரங்கம், இந்தக் கூட்டம். இதோ நூலகர் அம்மையாரும் கடிகாரத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாற்பதாவது நிமிடத்தில் லிஃப்ட் கதவு மூடும். ஒரு குழந்தை அழும். பின்னங்கால் மூன்று முறை தட்டும். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கைதட்ட வேண்டாம். தாய்மார்களே, பிள்ளைகளின் காலை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தத் தரை மரத்தரை, சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். கேட்க வேண்டிய சத்தம் ஒன்றுதான். முப்பத்து நான்கு வருடமாக ஒருவர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். மூன்றாம் வரிசையிலிருந்து இரண்டு தட்டு வரும், அதுவரை அனைவரும் அமைதியாக இருப்போம்.

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம். ஆபரேட்டர் அண்ணே, விளக்கை அணைங்க!